பிசியோதெரபி அறையில் உளவியல் திறன்கள்: புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

நீங்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் என்றால் இந்த நோயாளிகளை ஏற்கெனவே சந்தித்திருப்பீர்கள். அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்தும் முழங்காலை மடக்கவே அஞ்சுகிறவர். தசை பலம் குறையாமல் இருந்தும் பல மாதங்களாகக் குனியாதவர். "தினமும் செய்கிறேன்" என்று சொல்லிவிட்டு, செய்து காட்டச் சொன்னால் முதல் அசைவிலேயே திணறுகிறவர். இவர்களிடம் கருவிகளும் கைச் சிகிச்சையும் ஓரளவுக்கு மேல் பலிப்பதில்லை.

படிக்கும்போது உளவியல் என்று ஒரு தாள் இருந்தது. அதில் கோட்பாடுகள் இருந்தன. அடுத்த நோயாளி வெளியே காத்திருக்கும்போது எதை, எந்த வரிசையில், எத்தனை நிமிடத்தில் செய்வது என்பது மட்டும் இல்லை. ஆளுக்கொன்று சொல்ல, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கிச் சேர்க்கவே எனக்கு நீண்ட காலம் பிடித்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். கீழே உள்ள வரிசையில் போங்கள். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொடங்க வேண்டியதில்லை. 3, 5, 6 ஆகிய மூன்று படிகளை உருப்படியாகச் செய்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

1. எல்லையை முதலில் எழுதி வையுங்கள்

உளவியல் திறனைப் பயன்படுத்துவது வேறு, உளவியல் சிகிச்சை அளிப்பது வேறு. வலி குறித்த பயம், அசைவு குறித்த தயக்கம், பயிற்சியைத் தொடர முடியாமை, குணமாவோமா என்ற சந்தேகம் ஆகியவை உங்கள் வேலைக்குள் வருகின்றன. மனச்சோர்வுக்கோ, அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கோ, போதைப் பழக்கத்துக்கோ சிகிச்சை அளிப்பது உங்கள் வேலை இல்லை. அவற்றை அடையாளம் கண்டு உரியவரிடம் அனுப்புவது உங்கள் வேலை. நீங்கள் பதிவு செய்துள்ள தொழில்முறைக் கவுன்சிலின் நெறிமுறை இதில் என்ன சொல்கிறது என்பதை ஒருமுறை படித்துவிடுங்கள். வேலை செய்யும் இடத்தின் விதியையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதல் நோயாளியிடம் முயல்வதற்கு முன்பே மூன்று தாள்கள் உங்கள் மேசையில் இருக்க வேண்டும்.

- அனுப்பும் பட்டியல்: உளவியலாளர், மனநல மருத்துவர், குடும்ப மருத்துவர், சமூகப் பணியாளர் ஆகியோரின் பெயர், எண், எவ்வளவு நாளில் பார்ப்பார்கள் என்ற விவரம். கடைசி விவரத்தைத் தொலைபேசியில் கேட்டு எழுதுங்கள். காத்திருப்பு ஆறு வாரம் என்று தெரியாமல் அனுப்பினால் நோயாளி நடுவில் தொங்குவார்.
- அவசரத் தாள்: யாராவது தற்கொலை எண்ணத்தைச் சொன்னால் அடுத்து யாரை அழைப்பது, யார் நோயாளியுடன் இருப்பது, எங்கே அனுப்புவது. அந்த நேரத்தில் யோசிக்க முடியாது என்பதால் முன்கூட்டியே எழுத வேண்டும்.
- ஒப்புதல் படிவத்தில் கூடுதல் வரி: "உங்கள் வலியைப் பாதிக்கும் தூக்கம், கவலை, வேலை, குடும்பச் சூழல் குறித்தும் கேட்போம். விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை." இந்த ஒரு வரி இருந்தால், "முதுகுவலிக்கு வந்தேன், என் தூக்கத்தைப் பற்றி எதற்குக் கேட்கிறீர்கள்?" என்ற கேள்வி பெரும்பாலும் எழாது.

2. சிவப்புக் கொடிகளை முடித்த பிறகே மஞ்சள் கொடி

இந்தப் படி சிறியதுதான், ஆனால் தவிர்க்க முடியாதது. சிவப்புக் கொடி என்பது கடுமையான உடல் நோயைக் காட்டக்கூடிய அறிகுறி. மஞ்சள் கொடி என்பது குணமாவதைத் தாமதப்படுத்தும் பயம், கவலை போன்ற உளவியல் காரணி. உளவியலில் புதிதாக ஆர்வம் வந்தவர்களுக்கு எல்லா வலியும் பயத்தால் வந்ததாகத் தெரியத் தொடங்கும். இரவில் ஓயாத வலி, காரணமில்லாத எடை இழப்பு, காய்ச்சல், முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு, கூடிக்கொண்டே போகும் நரம்புப் பலவீனம், சிறுநீர் மலக் கட்டுப்பாடு குலைதல், தொடை இடுக்கில் மரத்துப்போதல் ஆகியவற்றை முதலில் கேட்டு, பரிசோதித்து, தேதியுடன் எழுதுங்கள். கடைசி இரண்டும் தண்டுவட வால்நரம்புக் கற்றை அழுத்தத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். அன்றே அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டியவை அவை. நோயாளி பதற்றமான குணம் உடையவர் என்பதற்காக இந்தப் பரிசோதனையைச் சுருக்காதீர்கள். பதற்றமானவர்களுக்கும் கட்டி வரும்.

3. முதல் இரண்டு நிமிடம் பேசாமல் இருங்கள்

செலவே இல்லாத திறன் இது. கற்றுக்கொள்ள மிகக் கடினமானதும் இதுதான். "என்ன ஆயிற்று, தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். நேரம் போய்விடும் என்ற அச்சம் வேண்டாம். சுவிட்சர்லாந்தில் 335 வெளிநோயாளிகளை வைத்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவர் குறுக்கிடாதபோது நோயாளிகள் சராசரியாக 92 நொடிதான் பேசினார்கள். 78 சதவீதம் பேர் இரண்டு நிமிடத்துக்குள் தாங்களாகவே முடித்துவிட்டார்கள். குறுக்கிட்டு நாம் மிச்சப்படுத்துவதாக நினைக்கும் நேரத்தைப் பின்னால் கதவருகில் நின்று, "இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன்" என்று நோயாளி தொடங்கும்போது இழக்கிறோம்.

அவர் முடித்ததும் நான்கு கேள்விகள் கேளுங்கள். இவை எந்தப் படிவத்திலும் அடங்காத தகவலைத் தரும்.

"இந்த வலி எதனால் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" "இதனால் என்ன ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறீர்கள்?" "இதற்காக எதையெல்லாம் செய்யாமல் விட்டிருக்கிறீர்கள்?" "இங்கே வந்ததில் என்ன நடந்தால் வந்தது பயன்பட்டது என்று சொல்வீர்கள்?"

பதில்களை நோயாளியின் சொற்களிலேயே மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். "குனிந்தால் நரம்பு நசுங்கிக் கால் விழுந்துவிடும் என்று ஒருவர் சொன்னார்" என்பது குறிப்பேட்டில் அப்படியே இருந்தால், அடுத்த வாரம் அவரைப் பார்க்கும் வேறொரு பிசியோதெரபிஸ்ட்டுக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியும். "நோயாளி பதற்றமானவர்" என்று எழுதினால் ஒருவருக்கும் எதுவும் தெரியாது.

பதிலுக்குப் பிறகு நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிக் காட்டுங்கள். "ஆக, வலியைவிட அது கூடிவிடுமோ என்ற கவலைதான் உங்களை வேலைக்குப் போகவிடாமல் வைத்திருக்கிறது, சரிதானா?" தவறாக இருந்தால் அவரே திருத்துவார். சரியாக இருந்தால் முகம் மாறும். ஆறுதல் சொல்லும் அவசரத்தை அடக்குங்கள். "கவலைப்படாதீர்கள், ஒன்றும் இல்லை" என்பதை நோயாளிகள் பெரும்பாலும் "நான் சொன்னதை இவர் கேட்கவில்லை" என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

4. கேள்வித்தாள்: ஒன்று போதும், இரண்டு அதிகபட்சம்

இங்கேதான் புதியவர்கள் தடம் புரள்கிறார்கள். இணையத்தில் கிடைத்த எல்லாக் கேள்வித்தாளையும் அச்செடுத்து, முதல் நாளே ஒரு கற்றையைக் கொடுத்துவிடுவார்கள். நோயாளி கடைசிப் பக்கங்களில் கண்ணை மூடிக்கொண்டு வட்டமிடுவார். யார் எதற்கு என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கீழ்முதுகு வலிக்கு ஸ்டார்ட் பேக் கேள்வித்தாள் நல்ல தொடக்கம். 9 கேள்விகள், பெரும்பாலும் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை. வலி நாட்பட்டு முடக்கிவிடும் ஆபத்து எவ்வளவு என்பதை அது காட்டும். மொத்தம் 3 அல்லது அதற்குக் கீழே என்றால் குறைந்த ஆபத்து. 4 அல்லது அதற்கு மேல் என்றால் 5 முதல் 9 வரையிலான கேள்விகளைத் தனியாகக் கூட்டுங்கள். அந்தத் துணைக் கூட்டல் 3 வரை இருந்தால் நடுத்தர ஆபத்து, 4 அல்லது 5 என்றால் உயர் ஆபத்து. உயர் ஆபத்தில் இருப்பவருக்குத்தான் இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாமும் தேவை. குறைந்த ஆபத்தில் இருப்பவருக்கு நல்ல விளக்கமும் நடமாடச் சொல்லும் ஊக்கமும் போதும். அவரைப் பத்து முறை வரவைப்பதில் நன்மை இல்லை.

அசைவு குறித்த பயத்துக்கு டாம்பா அளவுகோல். முழு வடிவத்தில் 17 கேள்விகள், மதிப்பெண் 17 முதல் 68 வரை. 4, 8, 12, 16 ஆகிய கேள்விகளைத் தலைகீழாக மாற்றிக் கூட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு, பயம் குறையவே இல்லை என்று குழம்புபவர்கள் பலர். 11 கேள்விகள் கொண்ட சிறிய வடிவத்தில் அந்தத் தொல்லை இல்லை. "இனி எல்லாம் முடிந்தது" என்பதுபோல் வலியைப் பற்றி எழும் பேரழிவு எண்ணங்களை அளக்க 13 கேள்விகளும் 52 மதிப்பெண்ணும் கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு. "வலி இருந்தாலும் செய்வேன்" என்ற நம்பிக்கையை அளக்க 10 கேள்விகளும் 60 மதிப்பெண்ணும் கொண்ட மற்றொன்று உண்டு. முழங்கால் முன்சிலுவைத் தசைநார் அறுவைக்குப் பின் விளையாட்டுக்குத் திரும்புபவருக்கு, மனத்தளவில் தயாரா என்று பார்க்கத் தனியாக 12 கேள்விகள் கொண்ட அளவுகோல் இருக்கிறது. கால் தயாராகி மனம் தயாராகாதவரை அது காட்டிக்கொடுக்கும்.

மனநிலைக்கு முதலில், மனச்சோர்வின் அறிகுறிகளைக் கேட்கும் பி.எச்.கியூ-2 தாள்: இரண்டே கேள்விகள், மதிப்பெண் 0 முதல் 6 வரை. 3 அல்லது அதற்கு மேல் வந்தால் பி.எச்.கியூ-9 கொடுக்கலாம். அதன் ஒன்பதாவது கேள்வி தன்னைத் தானே மாய்த்துக்கொள்வது பற்றியது. அந்தக் கேள்விக்கு என்ன பதில் வந்திருக்கிறது என்பதை நோயாளி அறையை விட்டுக் கிளம்பும் முன் பார்த்தே ஆக வேண்டும். பார்க்க முடியாத நாளில் அந்தத் தாளைக் கொடுக்கவே கூடாது. நிரப்பிய தாள் கோப்புக்குள் போய் ஒரு வாரம் கழித்துத் திறக்கப்படுவது இந்த வேலையில் நடக்கக்கூடிய மிக மோசமான அலட்சியம்.

செலவு பற்றி: பி.எச்.கியூ வகைத் தாள்கள் இலவசம், அனுமதியும் தேவையில்லை. மற்றவை சிலவற்றுக்கு உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். மருத்துவமனைப் பயன்பாட்டுக்குக் கட்டணம் கேட்பவையும் உண்டு. அச்சடிக்கும் முன் அந்த அளவுகோலின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் பாருங்கள். நோயாளியின் மொழியில் சரிபார்க்கப்பட்ட வடிவம் இருக்கிறதா என்றும் அங்கேயே தேடுங்கள். நீங்களே மொழிபெயர்த்து வெட்டு மதிப்பெண்ணை, அதாவது ஆபத்தைப் பிரிக்கும் எல்லை எண்ணை, அப்படியே எடுத்துக்கொண்டால் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. சரிபார்த்த வடிவம் கிடைக்காவிட்டால் மதிப்பெண் போடாமல் உரையாடலுக்குத் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது கொடுப்பது? முதல் சந்திப்பில் காத்திருக்கும்போது அல்லது இரண்டாம் சந்திப்பில். மறுபடியும் நான்கு முதல் ஆறு வாரத்தில். வாராவாரம் கொடுத்தால் நோயாளிக்குச் சலிப்பு, உங்களுக்கு வீண் எண்கள். கொடுத்த தாளைப் பற்றி அதே சந்திப்பில் ஒரு வாக்கியமாவது பேசுங்கள். நிரப்பச் சொல்லிவிட்டு அதைப் பற்றி வாயே திறக்காத இடத்தில் அடுத்த முறை ஒருவரும் உண்மையை எழுத மாட்டார்கள்.

5. விளக்கும்போது வாயிலிருந்து வரும் சொற்களைக் கவனியுங்கள்

"டிஸ்க் விலகிவிட்டது", "எலும்போடு எலும்பு உரசுகிறது", "எண்பது வயதுக்காரரின் முதுகெலும்பு உங்களுக்கு". இவற்றைச் சொல்பவர் மறந்துவிடுவார், கேட்டவர் ஆண்டுக்கணக்கில் சுமப்பார். சொற்களே தீங்கு எதிர்பார்ப்பை உண்டாக்கி வலியைக் கூட்டும். ஸ்கேன் அறிக்கையை விளக்கும்போது துணைக்கு வைத்துக்கொள்ள ஒரு தகவல்: வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வில், 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் முதுகெலும்பு வட்டுத் தேய்மானம் இருந்தது. வட்டுப் பிதுக்கம் 20 வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு இருந்தது. "அறிக்கையில் இருப்பது உண்மைதான். வலி இல்லாத பலருக்கும் இதே படம் வரும். ஆகவே படத்தை வைத்து மட்டும் உங்களால் என்ன முடியும் என்று முடிவு செய்ய வேண்டாம்" என்று சொல்லலாம். "அறிக்கையைத் தூக்கிப் போடுங்கள்" என்று சொல்லாதீர்கள். அவர் பணம் கட்டி எடுத்த ஸ்கேன் அது, எழுதியவரும் ஒரு மருத்துவர்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. தூக்கம், கவலை, பயம் ஆகியவை வலியைக் கூட்டும் என்று நீங்கள் சொல்வது நோயாளியின் காதில் "வலி எல்லாம் மனப்பிரமை" என்று விழும். பல இடங்களில் அலைந்து, "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று கேட்டுக் கேட்டு வந்தவருக்கு இது இன்னும் வேகமாக விழும். அதனால் வரிசை முக்கியம். முதலில் வலி உண்மை என்று சொல்லுங்கள். அடுத்து உடல் காரணத்தைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் மற்றவை. "உங்கள் வலி உண்மையானது. திசு ஆறிவரும் நிலையில் நரம்பு மண்டலம் இன்னும் எச்சரிக்கையாகவே இருக்கிறது. தூக்கம் குறைந்தால் அந்த எச்சரிக்கை கூடும், பழக்கமான அசைவு திரும்பினால் குறையும். இரண்டிலும் நாம் வேலை செய்வோம்." இவ்வளவு போதும். நரம்பியல் வகுப்பு எடுக்க வேண்டாம்.

விளக்கி முடித்ததும், "வீட்டுக்குப் போனதும் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். "புரிந்ததா?" என்ற கேள்விக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். அவர் திருப்பிச் சொல்வதில் தவறு இருந்தால், "நான் தெளிவாகச் சொல்லவில்லை, மறுபடி முயல்கிறேன்" என்று பழியை உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு இன்னொரு விதமாகச் சொல்லுங்கள்.

6. பயிற்சியின் அளவை வலி தீர்மானிக்க விடாதீர்கள்

உளவியல் திறன் என்றதும் பேச்சு என்றே நினைக்கிறோம். பிசியோதெரபிஸ்ட்டின் கையில் இருக்கும் மிக வலிமையான உளவியல் கருவி பயிற்சியின் அளவுதான். பயத்தைப் பேச்சு தளர்த்தும். அது போவது, பயந்த அசைவைச் செய்தும் ஒன்றும் ஆகவில்லை என்று உடல் அறியும்போது.

நாட்பட்ட வலியில் இரண்டு வகையினரைப் பார்ப்பீர்கள். ஒருவர் நல்ல நாளில் ஒரு வாரத்து வேலையை இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவார். மற்றவர் எதையும் தொடவே மாட்டார். இருவருக்கும் தொடக்கம் ஒன்றே: அடிப்படை அளவைக் கண்டுபிடிப்பது. நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு நாளில் மூன்று முறை, வசதியாக முடியும் வரை நடந்து நிமிடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். 8, 12, 10 என்று வந்தால் சராசரி 10. அதில் 80 சதவீதம், அதாவது 8 நிமிடத்தில் தொடங்குங்கள். நல்ல நாளிலும் 8, மோசமான நாளிலும் 8. வாரத்துக்குச் சுமார் 10 சதவீதம் கூட்டுங்கள். மோசமான நாளில் 8 நிமிடம் நடக்கவைப்பதைவிட, நல்ல நாளில் எட்டோடு நிறுத்தவைப்பது கடினம். "இன்னும் முடியும்போல் இருக்கிறதே" என்பார். நாளைக்கும் முடிய வேண்டும் என்பதுதான் அதற்குப் பதில். அடுத்து கூட்டப்போகும் அளவையும் தேதியையும் தாளில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால் அன்றாட வலியோடு பேரம் பேச வேண்டியிருக்காது.

குறிப்பிட்ட ஓர் அசைவைக் கண்டு அஞ்சுபவருக்கு வேறு வழி. அஞ்சும் செயல்களைப் பட்டியலிடச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பய எண் போடச் சொல்லுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலணியைத் தொடுவது 30, நின்றபடி தரையைத் தொடுவது 60, குழந்தையைத் தூக்குவது 95 என்பதுபோல் வரும். 30-இலிருந்து 40-க்குள் உள்ள ஒன்றை எடுங்கள். செய்வதற்கு முன், "என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு எழுதுங்கள். செய்யவையுங்கள். பிறகு, "என்ன நடந்தது?" என்று கேட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு வாக்கியமும் அருகருகே நிற்கும் அந்தத் தாள் உங்கள் எந்த விளக்கத்தையும்விட நன்றாக வாதாடும்.

இதில் இரண்டு பொறிகள். ஒன்று, செய்யும்போது நீங்களே அவரைப் பிடித்துக்கொள்வது, அல்லது பெல்ட்டைக் கட்டிவிடுவது. "அவர் பிடித்ததால் ஒன்றும் ஆகவில்லை" என்றுதான் மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். விழும் அபாயம் உள்ளவரைப் பிடிக்க வேண்டும், அது வேறு. மற்றொன்று, "மெதுவாக, கவனம், பார்த்து" என்று ஓயாமல் சொல்வது. அச்சத்தை ஊட்டிக்கொண்டே அச்சத்தைப் போக்க முடியாது. எலும்பு முறிவு ஆறும் காலம், அறுவைக்குப் பிந்தைய தடைகள் ஆகியவை இருக்கும்போது இந்தப் படியைத் தொடக் கூடாது. அப்போது அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

7. வீட்டுப் பயிற்சி: அறிவுரையைக் குறைத்துக் கேள்வியைக் கூட்டுங்கள்

பயிற்சியைச் செய்யாமல் வந்தவரைத் திட்டுவதில் நமக்கு ஒரு திருப்தி கிடைக்கிறது. அதைத் தவிர வேறு பயன் இல்லை. அடுத்த முறை அவர் பொய் சொல்வார் அல்லது வரமாட்டார்.

பயிற்சியைக் கொடுத்ததும் இரண்டு எண்கள் கேளுங்கள். "இதைச் செய்வது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், 0 முதல் 10 வரை?" "இந்த வாரம் செய்துவிடுவீர்கள் என்ற நம்பிக்கை எவ்வளவு?" முக்கியத்துவத்துக்கு 5 என்றால், "ஏன் 2 என்று சொல்லவில்லை?" என்று கேளுங்கள். "ஏன் 9 இல்லை?" என்று கேட்டால் செய்யாததற்கான காரணங்களை அடுக்குவார். "ஏன் 2 இல்லை?" என்று கேட்டால் செய்வதற்கான காரணங்களை அவரே தேடிச் சொல்வார். ஊக்கமூட்டும் நேர்காணல் முறையின் சிறு உத்தி இது. பெரிய வேலை செய்யும். நம்பிக்கை எண் 7-க்குக் கீழே இருந்தால் அவரைத் தேற்றாதீர்கள், பயிற்சியைக் குறையுங்கள். ஆறு பயிற்சியை இரண்டாக்கி, 7-க்கு மேல் வரும்வரை வெட்டுங்கள். வீட்டில் நடக்கும் இரண்டு, தாளில் தூங்கும் ஆறைவிட மேல்.

பிறகு "எப்போது" என்பதைக் கட்டிப் போடுங்கள். "நேரம் கிடைக்கும்போது செய்யுங்கள்" என்றால் அந்த நேரம் வராது. "காலையில் பல் துலக்கியதும், அதே இடத்தில் நின்று பத்து முறை குதிகாலை உயர்த்துவேன்" என்று ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தோடு முடிச்சுப் போட்டு, அதை அவர் கையாலேயே எழுதவையுங்கள். தடைக்கும் ஒரு வரி வேண்டும்: "வலி வழக்கத்தைவிடக் கூடினால், பாதி எண்ணிக்கை செய்வேன், விட்டுவிட மாட்டேன்." இதற்கெல்லாம் சேர்த்து நான்கு நிமிடம் ஆகும். அதைச் சிகிச்சையின் கடைசி நான்கு நிமிடத்தில் வைக்காதீர்கள். அப்போது அவர் காலணி மாட்டிக்கொண்டிருப்பார்.

அடுத்த சந்திப்பின் முதல் கேள்வி அந்தத் தாளைப் பற்றியதாக இருக்கட்டும். செய்யாமல் வந்தால், "எது குறுக்கே வந்தது?" என்று கேளுங்கள். "ஏன் செய்யவில்லை?" என்பதில் குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டே வரும்.

8. மூச்சு, தளர்வு, மனக்காட்சி

இவற்றைக் கற்பிப்பது எளிது, அதனாலேயே தேவைக்கு மேல் பயன்படுத்தப்படுகின்றன. உதரவிதான மூச்சும் தசைகளை முறையே இறுக்கித் தளர்த்துவதும், சிகிச்சைக்கு முன் உடல் விறைத்துப்போகிறவருக்கும் தூக்கம் வராதவருக்கும் உதவும். தினம் பத்துப் பதினைந்து நிமிடம் என்று சில வாரம் பழகினால்தான் தேவைப்படும்போது கைகொடுக்கும். வலி உச்சத்தில் இருக்கும் நாளில் முதன்முதலாகக் கற்பிக்காதீர்கள். தையல் ஆறாத இடத்தையும் புதிதாகக் கிழிந்த தசையையும் இறுக்கச் சொல்லக் கூடாது. கண்ணை மூடுவது சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டும். திறந்தே வைத்துக்கொள்ளலாம் என்று முன்னதாகச் சொல்லுங்கள். கட்டுப்போட்ட காலம் முழுவதும் விளையாட்டு வீரர் தன் அசைவை மனத்தில் ஓட்டிப் பார்ப்பது நல்ல பயிற்சி. முழு அளவுச் சிகிச்சை என்று அதை விற்க வேண்டாம்.

9. குறிப்பேட்டில் என்ன எழுதுவது, என்ன எழுதக் கூடாது

எழுத வேண்டியவை: நோயாளியின் சொற்கள், அளவுகோலின் பெயர், மதிப்பெண், தேதி, நீங்கள் செய்தது, அடுத்த அளவு. "அசைவு பய மதிப்பெண் 44, குனியும் பயிற்சி இரண்டாம் படி, முன்கணிப்பு 'பிடித்துக்கொள்ளும்', நடந்தது 'இழுத்தது, பிடிக்கவில்லை', அடுத்த வாரம் மூன்றாம் படி." மூன்று வரி போதும்.

எழுதக் கூடாதவை: நோய்ப் பெயர்கள். "மனச்சோர்வு நோயாளி" என்று நீங்கள் முடிவு கட்ட முடியாது. "பி.எச்.கியூ-9 மதிப்பெண் 14, குடும்ப மருத்துவருக்குக் கடிதம் அனுப்பப்பட்டது" என்று எழுதலாம். "நடிக்கிறார்", "ஒத்துழைக்கவில்லை" என்பவையும் வேண்டாம். குறிப்பேட்டைக் காப்பீட்டு நிறுவனமும் நீதிமன்றமும் நோயாளியும் கேட்டு வாங்கக்கூடும். குடும்ப ரகசியம் எதையாவது சொன்னால், சிகிச்சைக்குத் தேவையான அளவு மட்டும் எழுதி, அதை யார் யார் பார்க்க முடியும் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

10. அனுப்ப வேண்டிய நேரத்தில் அனுப்புங்கள்

தற்கொலை எண்ணம் இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால் நேரடியாகக் கேளுங்கள்: "உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்திருக்கிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், அவசரத் தாளை எடுங்கள். இரகசியம் காப்பதாகச் சொல்லும்போதே, உயிருக்கு ஆபத்து என்றால் அது பொருந்தாது என்றும் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

அவசரமில்லாத காரணங்கள்: மனநிலை மதிப்பெண் உயர்ந்தே இருப்பது, விபத்தின் காட்சிகள் திரும்பத் திரும்ப வருவது, வீட்டில் வன்முறை, மதுவோ வலி மாத்திரையோ கூடிக்கொண்டே போவது, நான்கு முதல் ஆறு வாரம் மேற்சொன்னபடி முயன்றும் அன்றாடச் செயல் மாறாமல் இருப்பது. "என்னால் முடியாது, மனநல மருத்துவரிடம் போங்கள்" என்று கைகழுவும் தொனியில் சொன்னால் நோயாளி அங்கேயும் போகமாட்டார், இங்கேயும் வரமாட்டார். "முழங்காலை நான் தொடர்ந்து பார்க்கிறேன். தூக்கத்துக்கும் இந்தக் காட்சிகளுக்கும் என்னைவிடத் தேர்ந்தவர் ஒருவர் சேர்ந்தால் நாம் வேகமாகப் போகலாம்" என்று சொல்லி, அடுத்த சந்திப்புத் தேதியையும் அப்போதே குறித்துக் கொடுங்கள். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்: நீங்கள் கவனித்தது, மதிப்பெண்கள், இதுவரை செய்தது, கேட்கும் உதவி, நோயாளியின் ஒப்புதல்.

11. நேரமும் செலவும்

முதல் சந்திப்புக்குக் கூடுதலாகப் பத்துப் பதினைந்து நிமிடம் தேவை. நிர்வாகத்திடம் கேட்கும்போது "உளவியலுக்கு" என்று கேட்காதீர்கள். "மதிப்பீட்டுக்கு" என்று கேளுங்கள், உண்மையும் அதுதான். கிடைக்காவிட்டால் மதிப்பீட்டை இரண்டு சந்திப்பாகப் பிரியுங்கள். தொடர் சந்திப்புகளில் ஐந்து நிமிடம் போதும், அதுவும் பயிற்சி நடக்கும்போதே பேசிவிடலாம். காப்பீட்டுக் கோரிக்கையில் இதற்குத் தனிச் சிகிச்சைப் பெயர் போடலாமா என்று முன்பே கேளுங்கள். கேட்காமல் "ஆலோசனை" என்று எழுதினால் கோரிக்கை திரும்பி வரும்.

படிப்புச் செலவில் நிதானம் வேண்டும். வார இறுதி வகுப்புகளில் சான்றிதழ் கிடைக்கும், திறன் கிடைப்பது சந்தேகம். கேட்பதால் வராது, யாராவது பார்த்துத் திருத்தினால்தான் வரும். ஆகவே ஒரு வகுப்பில் சேரும் முன், "வகுப்புக்குப் பிறகு நான் நோயாளியுடன் பேசுவதை யாராவது கேட்டுக் கருத்துச் சொல்வார்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்தப் பணத்தை மூத்தவர் ஒருவருடன் மாதம் ஒரு மணி நேர மேற்பார்வைக்குச் செலவிடலாம். நோயாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு ஒரு சந்திப்பை ஒலிப்பதிவு செய்து நீங்களே கேட்டுப் பார்ப்பதற்குச் செலவு இல்லை. காது கூசும், ஆனால் உதவும்.

எத்தனை சந்திப்பு எடுக்கும் என்று நோயாளியும் நிர்வாகமும் கேட்பார்கள். அளவுக்கு ஓர் எடுத்துக்காட்டு: ஆஸ்திரேலியாவில் நாட்பட்ட முதுகுவலி உள்ள 492 பேரிடம் நடந்து 2023-இல் லான்செட் இதழில் வெளியான ரெஸ்டோர் ஆய்வில், பிசியோதெரபிஸ்ட்டுகள் அளித்த அறிவாற்றல் செயல்பாட்டுச் சிகிச்சை (வலி குறித்த எண்ணங்களையும் அஞ்சும் அசைவுகளையும் சேர்த்துக் கையாளும் முறை) 12 வாரத்தில் அதிகபட்சம் ஏழு சந்திப்புகள், 26-ஆம் வாரத்தில் நினைவூட்டலாக ஒன்று. நல்ல மாற்றம் கிடைத்தது, ஓராண்டு கழித்தும் நின்றது. அதில் ஈடுபட்டவர்கள் முறையான பயிற்சி பெற்றவர்கள் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் முப்பது நாற்பது சந்திப்பு என்று இழுக்கத் தேவையில்லை என்பது தெரிகிறது.

12. அனுப்பி வைக்கும் முன் ஒரு தாள்

கடைசிச் சந்திப்புக்கு இரண்டு சந்திப்பு முன்பே முடிவுத் தேதியைச் சொல்லுங்கள். திடீரென்று முடித்தால் நோயாளி தடுமாறக்கூடும். அன்று நோயாளியே நிரப்ப வேண்டிய தாள் ஒன்று: வலி மீண்டும் கூடுவதற்கான முதல் அறிகுறி, முதல் இரண்டு நாள் எதைப் பாதியாகக் குறைப்பேன், எதை விடவே மாட்டேன், எந்த அறிகுறி வந்தால் மருத்துவரைப் பார்ப்பேன், எத்தனை நாளில் சரியாகாவிட்டால் உங்களை அழைப்பேன். கடைசி வரிக்கு நோயாளிகள் பெரும்பாலும் "உடனே" என்று எழுதுவார்கள். சிவப்புக் கொடி இல்லாதவரை இரண்டு வாரம் என்று பேசி முடிவு செய்யுங்கள். ஒரு நகல் அவருக்கு, ஒரு நகல் கோப்புக்கு. அவர் அழைக்கும் நாளில் அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.